‘நிதானமாக’ யாருடைய சொல்?

செயல் பெரிதா, அதைச் செய்யும் விதம் பெரிதா? எல்லாச் சமயங்களும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கின்றன. காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் எழுப்பிய கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, திருநின்றவூரில் பூசலார் மனத்துக்குள் கட்டிய கோயிலுக்குச் சிவன் போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. இருவரும் செய்த செயல் ஒன்றுதான். கட்டிய விதத்தில்தான் ஒருவர் ஒருபடி மேலே போனார்.

எங்கள் விஸ்வநத்தத்தில் இது பிரசங்கத்தோடு முடிந்துபோகிற கேள்வி இல்லை. சிவகாசியை ஒட்டிய இந்த ஊரில் பெரும்பாலான வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் பயராபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ அச்சகத்துக்கோ போகிறார்கள். பட்டாசு ஆலைச் சுவர்களில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அங்கே எழுத வேண்டியதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். எப்படிச் செய்ய வேண்டும் என்றுதான் எழுதியிருக்கும்: கவனமாக, மெதுவாக, அளவாக. இலக்கணத்தில் வினையடை என்று ஒற்றை வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிற இந்தச் சொற்களை நம்பித்தான் எங்கள் ஊர் உயிர் வாழ்கிறது.

நான் ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போதும் சாயங்காலங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் வீட்டு வராந்தாவில் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு நான் நீளமான சொற்களைக் கற்றுக்கொடுப்பதில்லை. அன்றாட ஆங்கிலம் சின்னச் சொற்களின் கூட்டணியில் நடக்கிறது. ‘கோ’, ‘புட்’, ‘கெட்’, ‘லுக்’ போன்ற வினைகள் தனியாக நின்றால் அதிகம் சொல்லாது. அவற்றின் பின்னால் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ என்று ஒரு குட்டி வினையடை வந்து சேர வேண்டும். சில சமயம் அதற்கும் பின்னால் ‘வித்’, ‘டு’, ‘ஃபார்’ என்று ஒரு முன்னிடைச்சொல் சேரும். அப்போதுதான் என்ன நடந்தது, எப்படி நடந்தது, யாரைத் தொட்டு நடந்தது என்பது முழுமையாகும்.

இதில் பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது. ‘அதை’ என்று சேர்க்க வேண்டுமானால் ‘புட் இட் ஆஃப்’ என்று நடுவில் வைக்க வேண்டும். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள்வது. இதில் ‘இட்’ கடைசியில்தான் வரும், நடுவில் வராது. ‘ஆஃப்’ அங்கே வினையடை, வினையோடு சேர்ந்தது. ‘ஆஃப்டர்’ முன்னிடைச்சொல், தனக்குப் பின்னால் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்வது. ‘புட் அப் வித்’, சகித்துக்கொள்வது, என்பதில் இரண்டும் உண்டு. ‘அப்’ வினையின் தன்மையை மாற்றுகிறது, ‘வித்’ எதைச் சகிக்கிறோம் என்பதோடு கட்டிப்போடுகிறது. முதலில் வினையடை, பிறகு முன்னிடைச்சொல். இந்த வரிசை மாறாது. இதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் எனக்கு ஓர் அறநூலை நடத்துவது போலவே இருக்கும். செயல் ஒன்று, விதம் ஒன்று, அது போய்ச் சேரும் ஆள் ஒருவர். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அறம் பேச முடியாது.

ஒருநாள் ‘கோ ஆஃப்’ நடத்திக்கொண்டிருந்தேன். பால் ‘கோ ஆஃப்’ ஆனால் கெட்டுப்போனது. அலாரம் என்றால் அடித்தது. விளக்கு என்றால் அணைந்தது. வெடி என்றால் வெடித்தது. யாராவது திட்டமிட்டுக் கொளுத்தினால் அதற்கு ‘செட் ஆஃப்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். அவள் அப்பா பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்ப்பவர்.

“டீச்சர், பயராபீஸ்ல வெடிச்சா அது கோ ஆஃபா, செட் ஆஃபா?”

வராந்தாவில் யாரும் பேசவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் அந்தக் கேள்வியோடு தொடர்பில்லாதவர்கள் யாரும் இல்லை. தானாக வெடித்ததா, யாராவது வெடிக்கச் செய்தார்களா? ‘தானாக’ என்றால் விதி. ‘யாராவது’ என்றால் குற்றவாளி. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது பதில் இருக்கிறதா என்பதுதான் அவள் கேட்டது.

மூன்றாவது பதில் இருக்கிறது. அது நம் மொழியிலேயே இருக்கிறது.

விபத்து நடந்த வீட்டில் நாங்கள் “வெடிச்சிருச்சு” என்போம். எழுத்தில் ‘வெடித்துவிட்டது’. கையை மீறி நடந்து முடிந்ததை ‘விடு’ என்ற துணைவினை சொல்கிறது. துக்க வீட்டில் அதுதான் சரியான பேச்சு. மகனைப் பறிகொடுத்த தாயின் முன்னால் உட்கார்ந்து காரணகாரியம் பேசுகிறவர் மனிதரே இல்லை. ஆனால் அதே ‘விடு’வுக்கு முன்னால் இருக்கும் எச்சத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ‘வெடிக்க விட்டார்கள்’. ‘வெடித்து’ என்பது ‘வெடிக்க’ என்று மாறியதும் விதி மறைந்து அனுமதித்தவர்கள் வந்து நிற்கிறார்கள். தீ வைத்தவர் யாரும் இல்லை. தீப்பிடிக்கிற நிலைமையை இருக்க விட்டவர்கள் உண்டு. அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் இதுதான். தானாகவும் இல்லை, ஒருவர் வேண்டுமென்று செய்ததும் இல்லை, பலர் சேர்ந்து நடக்க விட்டது.

ஆங்கிலத்தில் செயலின் விதத்தை மதத்தோடு சேர்த்து யோசித்தவர் ஒருவர் இருந்தார். 1574இல் பிறந்து, எக்ஸிடரிலும் பிறகு நாரிச்சிலும் பிஷப்பாக இருந்து, 1656இல் இறந்த ஜோசப் ஹால். கடவுளின் பிரியம் வினையடைகள் மேல்தான் என்ற பொருளில் அவர் எழுதினார். நீ செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்று கடவுள் பார்ப்பதில்லை, அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறாய் என்றே பார்க்கிறார் என்பது அவர் கருத்து. துறவிக்கும் பிஷப்புக்கும் மட்டுமே புனிதம் என்று இருந்த இடத்தில், மாடு மேய்ப்பவரும் துணி வெளுப்பவரும் தங்கள் வேலையாலேயே கடவுளை வணங்கலாம் என்று வாசலைத் திறந்துவிட்ட சிந்தனை அது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் செயலில் காட்டும் திறமையே யோகம் என்று சொல்லப்படுவதும் இதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இந்தக் கிறிஸ்தவச் சிந்தனை எங்கள் பகுதிக்கு மிஷனரிகளோடு வந்தது. தாமஸ் ராக்லாண்ட் 1854இல் வடதிருநெல்வேலி மிஷனைத் தொடங்கிக் கூடாரங்களோடு ஊர் ஊராகப் போனார். 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். அந்த வழியில் வந்த பள்ளி ஒன்றில்தான் நான் ஆங்கிலம் படித்தேன். நாங்கள் பத்திரகாளியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். ஆனாலும் பைபிள் வகுப்பில் மனத்தில் பதிந்தது ஒன்று உண்டு. கொலோசெயருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரம். வேலைக்காரர்கள் எதைச் செய்தாலும் அதைக் கடவுளுக்கே செய்வதாக எண்ணி மனமாரச் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. ‘மனமார’ என்பதும் ஒரு வினையடைதான்.

பெரியவளான பிறகு அந்தக் கடிதத்தை முழுவதும் படித்தபோது இன்னொன்றைப் பார்த்தேன். மூன்றாம் அதிகாரம் வேலைக்காரர்களோடு முடிகிறது. நான்காம் அதிகாரத்தின் முதல் வசனம் எஜமான்களைப் பார்த்துப் பேசுகிறது. வேலைக்காரர்களுக்கு நீதியானதையும் நியாயமானதையும் கொடுக்க வேண்டும், உங்களுக்கும் மேலே ஓர் எஜமான் இருக்கிறார் என்கிறது. பவுல் எழுதியபோது அதிகாரப் பிரிவே கிடையாது. ஸ்டீபன் லாங்டன் என்பவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்ததாகச் சொல்லப்படும் பிரிப்பு, வேலைக்காரரின் ‘மனமார’வையும் எஜமானின் ‘நியாயமாக’வையும் வெவ்வேறு அதிகாரங்களில் போட்டுவிட்டது. அவர் மேல் எனக்குக் குறை இல்லை. அந்தக் கோட்டில் வந்து நிறுத்திவிட்டு முதல் பாதியை மட்டும் பிரசங்கம் செய்யும் பழக்கத்தின் மேல்தான் எனக்குக் குறை. எல்லா மதங்களிலும் அந்தப் பழக்கம் உண்டு. உழைப்பவருக்கு வினையடையைப் போதிப்பார்கள், அந்த வினையடைக்கு இடம் கொடுக்க வேண்டியவரிடம் பேசமாட்டார்கள்.

என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவள். பள்ளம் பள்ளமாக வெட்டிய மெல்லிய மரச் சட்டங்களில், ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சியாகப் பரப்பி, ஒரு சட்டம் நிறைந்ததும் அதன் மேல் இன்னொன்றை வைத்து, கடைசியில் இறுக்கி மூட வேண்டும். அதன் பிறகுதான் குச்சிகளின் முனையை மருந்தில் முக்குவார்கள். குச்சி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் மருந்து கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் ‘சீராக’ அடுக்க வேண்டும் என்பார் கணக்குப்பிள்ளை. கூலியோ கட்டைக்கு இவ்வளவு என்று. நாளில் எத்தனை கட்டை முடிகிறதோ அதற்குத்தான் காசு. அப்படியானால் அம்மாவின் காதில் இரண்டு வினையடைகள் விழுந்துகொண்டிருந்தன. வாய் ‘சீராக’ என்றது, கூலி ‘வேகமாக’ என்றது. அம்மாவின் விரல்கள் இரண்டுக்கும் பதில் சொல்லப் பழகியிருந்தன. கண் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும், பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் குச்சியைத் தடவித் தடவிப் பள்ளத்தில் இறக்கிக்கொண்டே இருக்கும். அந்தத் திறமையை யோகம் என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அந்த யோகத்தை அவளிடம் கறந்தது எது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தீப்பெட்டியில் இந்த முரண்பாடு விரல் நோவோடு போகும். பட்டாசில் அப்படிப் போகாது. மருந்து கலக்கும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி. உராய்வும் சூடும் உடம்பில் சேரும் நிலைமின்சாரமும்தான் எதிரிகள். அதனால்தான் பருத்தி உடை, தரையில் ரப்பர் விரிப்பு, உள்ளே போகும்முன் கை வைக்கச் செம்புத் தகடு, இரும்பு படாத கருவி, வெயில் ஏறுமுன் கலவையை முடிப்பது, அறைக்கு நான்கு பேருக்கு மேல் இல்லை என்பதெல்லாம். ஒவ்வொரு விதியும் ‘நிதானமாக’ என்ற ஒரே சொல்லின் விரிவுரை. ஆனால் கூலி பல இடங்களில் முடித்த எண்ணிக்கைக்கு, குரோஸ் கணக்கில். தீபாவளி நெருங்க நெருங்க வடக்கே இருந்து லோடு கேட்டுப் போன் வந்துகொண்டே இருக்கும். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு எடுத்தவர் போட்ட பணத்தை அந்த சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். சுவரில் எழுதிய வினையடை ஒன்று, சம்பளக் கவரில் வரும் வினையடை இன்னொன்று. இரண்டும் ஒரே ஜோடிக் கைகள் மேல் விழுகின்றன.

பிறகு ஒருநாள் செய்தி வருகிறது. உராய்வு காரணமாக வெடி விபத்து, உரிமையாளர், போர்மேன் மீது வழக்குப் பதிவு. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான சட்டப் பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ ஆக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 106. அது செயலைத் தண்டிக்கும் பிரிவு அல்ல. செய்த விதத்தைத் தண்டிக்கும் பிரிவு. சட்டமும் வினையடையில் வந்துதான் நிற்கிறது. ஆனால் யாருடைய கவனக்குறைவு என்பதில் ஊர்ப்பேச்சு பெரும்பாலும் இறந்துபோனவரின் கையோடு நின்றுவிடும். பதில் சொல்ல அவர் இல்லை.

2012 செப்டம்பர் 5 எனக்கு மறக்காது. ஆசிரியர் தினம். அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நடந்த விபத்தில் 40 பேர் அளவில் இறந்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவ ஓடிப்போனவர்களும் அதில் உண்டு. அன்று சிவகாசிப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. அடுத்த நாள்களில் எங்கே போனாலும் இரண்டே வாக்கியங்கள். “விதி முடிஞ்சிருச்சு” என்பது ஒன்று. “அவன் பார்த்துச் செஞ்சிருக்கணும்” என்பது மற்றொன்று. ஒன்று தெய்வத்தின் மேல் போட்டது, மற்றொன்று தொழிலாளியின் மேல். இரண்டுக்கும் நடுவில் இருந்த அத்தனையும் பேச்சில் வராமல் போயிற்று.

அந்த நடுவைப் பேசுவதற்கு நம்மிடம் நூல்கள் உண்டு. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களை அடுக்குகிறது. இடம், செய்பவன், பலவகைக் கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இதைச் சொன்ன கையோடு, தான் ஒருவனே செய்பவன் என்று பார்க்கிறவன் சரியாகப் பார்ப்பவன் அல்ல என்றும் சொல்கிறது. இது பெரும்பாலும் அகந்தையை விடச் சொல்லும் போதனையாகவே விளக்கப்படுகிறது. பிறரைப் பார்க்கும் பார்வைக்கும் அது பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். அவர் ஒருவரே செய்தவர் என்று இறந்தவரைக் காட்டுவதும் அதே பார்வைக் கோளாறுதான். நாம் இரண்டாவதிலிருந்து ஐந்தாவதுக்கு ஒரே தாவலாகத் தாவுகிறோம். இடமும் கருவியும் கண்ணில் படுவதில்லை.

தொல்காப்பியர் இன்னும் துல்லியமானவர். சொல்லதிகாரத்தில், வேற்றுமை மயங்கியலில், ஒரு தொழில் நிகழ எட்டு வேண்டும் என்கிறார். வினை, அதைச் செய்பவர், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு என்பது, இது பயன் என்பது. வாக்கியத்தில் வேற்றுமைகள் எப்படி வந்து அமைகின்றன என்று விளக்கப் போட்ட பட்டியல் இது. எனக்கோ ஒரு விபத்து விசாரணைக்கு இதைவிட நல்ல படிவம் தெரியாது. வினை, மருந்து கலந்தது. செய்தவர், அந்தக் கைகள். செயப்படுபொருள், ஈரமோ கலப்படமோ இல்லாத மருந்துதானா? நிலம், நான்கு பேர் அறையில் எத்தனை பேர்? காலம், விடியற்காலையா, உச்சி வெயிலா, தீபாவளிக்கு எத்தனை நாள் இருந்தது? கருவி, கையில் இருந்தது எது, யார் வாங்கிக் கொடுத்தது? இன்னதற்கு, யாருடைய ஆர்டருக்காக? இது பயன், அந்த வேகத்தால் லாபம் அடைந்தவர் யார்? கடைசி இரண்டு கேள்விகளும் ஆலை வாசலைத் தாண்டி, குத்தகைதாரரையும் மொத்த வியாபாரியையும் தாண்டி, விலை குறைவாகக் கிடைத்ததென்று மகிழ்ந்து சரம் வாங்கிய வீடு வரைக்கும் போகும். கீதையின் ஐந்தாவது காரணத்தைத் தொல்காப்பியர் பட்டியலில் சேர்க்கவில்லை. தெய்வத்தை அவர் மறுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. தெய்வத்திடம் போகுமுன் கேட்க வேண்டிய கேள்விகளை முழுதாகக் கேட்டுவைத்திருக்கிறார்.

அப்படியானால் தொழிலாளிக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. செம்புத் தகட்டில் கை வைக்காமல் உள்ளே போகிறவர்கள் உண்டு, மிச்ச மருந்தை அறையிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதை மறைத்துப் பேசுவது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எங்கள் தெருவில் போர்மேன் ஒருவர் இருக்கிறார். வெயில் ஏறிவிட்டால், எத்தனை குரோஸ் பாக்கி இருந்தாலும், மருந்து அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்வார். ஹால் சொன்ன கடவுள் வினையடைகளை நேசிப்பது உண்மையானால் அவரைத்தான் முதலில் நேசிப்பார். ஆனால் அந்தப் பூட்டு பூட்டாகவே இருப்பதற்கு, ‘இன்று முடிந்தது போதும்’ என்று சொல்லும் ஒரு முதலாளி மேலே இருக்கிறார். கீழே, அரைநாள் கூலி குறைந்தாலும் அடுப்பு எரிகிற அளவுக்குச் சம்பளம் வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவருடைய நிதானத்தில் இத்தனை பேருக்குப் பங்கு உண்டு. நிதானத்தில் பங்கு உண்டென்றால், நிதானம் தவறியதிலும் பங்கு உண்டுதானே.

இதிலிருந்து எனக்குத் தெளிவான ஒன்று இருக்கிறது. ஒரு செயலின் விதம், செய்கிறவர் ஒருவரின் சொத்து அல்ல. அவர் தலைக்கு மேல் கூரையும் கையில் கருவியும் கடிகாரத்தில் நேரமும் கொடுக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த விதத்தை உண்டாக்குகிறார்கள். பொய் சொல்வது, திருடுவது, கொல்வது என்று பாவங்களைச் சமயங்கள் வினைகளாக எண்ணிவைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர வேண்டும். பிறருடைய வினையடையைப் பறிப்பது. நிதானமாகச் செய்ய வேண்டிய வேலையில் ஒருவரின் நிதானத்தைப் பிடுங்கிக்கொண்டு வேகத்தை வைப்பது. செய்கிறவருக்கு அது பாவம் போலவே தோன்றாது. அவர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை, குரோஸுக்கு ரேட் போட்டார், லோடு எப்போது என்று போனில் கேட்டார். அதனால்தான் சமயம் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

வராந்தாவில் அந்தக் கேள்வியைக் கேட்ட பெண் இப்போது மேல்வகுப்புக்குப் போய்விட்டாள். ‘லெட் ஆஃப்’ என்ற கூட்டுச்சொல் வந்தபோது அவளே எழுந்து இரண்டு பொருளையும் சொன்னாள். பட்டாசு கொளுத்துவது ஒன்று, தப்புச் செய்தவரைத் தண்டிக்காமல் விட்டுவிடுவது மற்றொன்று. எங்கள் பகுதியில் இந்த இரண்டும் சேர்ந்தே நடந்துவந்திருக்கின்றன.

இதைப் படிக்கும் சாமியார்களிடமும் போதகர்களிடமும் இமாம்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். தொழிலாளர் நிறைந்த சபையில் ‘மனமாரச் செய்’, ‘கவனமாகச் செய்’ என்று போதிக்கும் அதே நாளில், அதே மேடையில், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதலாளிகளிடம் இரண்டாம் பாதியையும் போதியுங்கள். கவனத்துக்குரிய நேரத்தையும் கூலியையும் கொடுக்காமல் கவனத்தைக் கேட்பது அதர்மம் என்று சொல்லுங்கள். வாங்கி வெடிப்பவர்களிடமும் சொல்லுங்கள். அடுத்த முறை பேப்பரில் ‘கவனக்குறைவு’ என்று படித்தால், தொல்காப்பியரின் எட்டையும் விரல்விட்டு எண்ணிக் கேளுங்கள். எட்டுக்கும் பதில் வரும்வரை ‘விதி’ என்ற சொல்லை யாரும் எடுக்க வேண்டாம்.